இந்தியாவில் கலியாணச் சாமான் எடுக்கும்போது விலை பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் ஒரு கலியாணம் நிச்சயமானால், பொருத்தம் பார்த்த கையோடு இரண்டு கொப்பித் தாள் நிறையக் கேள்விகளுடன் யாராவது எங்கள் வீட்டுப் படலையைத் திறப்பார்கள். 2022 டிசம்பரில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் மீண்டும் ஓடத் தொடங்கியது. பின்னர் 2025 மார்ச்சில் திருச்சிக்கும் பறக்க முடிந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்களுக்குக் கட்டுநாயக்கா வரை இரவு முழுவதும் பஸ்ஸில் குலுங்கும் தேவை அதனால் குறைந்துவிட்டது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் உண்டு. முன்னர் வசதியுள்ள வீடுகள் மட்டுமே போய்வந்த இந்தியாக் கடைப் பயணத்துக்கு இப்போது காலபோக நெல்லை விற்ற கையோடு நடுத்தரக் குடும்பங்களும் புறப்படுகின்றன.

மகன், இரண்டு தங்கைமார், பிறகு அயலார் என்று பலருடைய கலியாணத்துக்குக் கூடப்போனவள் என்ற தகுதியில் மட்டுமே இந்தப் பதில்களை எழுதுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அங்கத்தைய கடையளில விலை பேசலாமோ, இல்லாட்டிப் போட்ட விலைதானோ?

கடையைப் பொறுத்தது. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழெட்டு மாடியாக நிற்கும் துணிக்கடைகளில், சேலையில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கணினி வாசித்து விலை போடுகிறது. சேலையை விரித்துக் காட்டும் பிள்ளைக்கு ஐந்து ரூபாயைக்கூடக் குறைக்கும் அதிகாரம் இல்லை. அவரிடம் பத்து நிமிடம் கெஞ்சுவது அவருக்கும் வேதனை, நமக்கும் நேரச் செலவு. அங்கே விலையைவிட வேறு சில விடயங்களைத்தான் கேட்க முடியும். அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

அதே தெருவுக்குப் பக்கத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் நிலைமை தலைகீழ். சிறு கடை, நடைபாதைக் கடை, வளையல் கடை, கவரிங் கடை, பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடை ஆகியவற்றில் முதலில் சொல்லும் விலை பேச்சைத் தொடங்குவதற்கான விலையே தவிர வாங்குவதற்கானது அல்ல. நகைக்கடை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: தங்கத்தின் விலை அசையாது, அதன்மேல் ஏற்றுவது அசையும்.

சொன்ன விலையில எவ்வளவு குறைச்சுக் கேக்கிறது? பாதி கேக்கச் சொல்லினம்.

பாதி என்பது நடைபாதையில் விற்கும் தோடு, வளையல், கைப்பைக்குச் சரிவரலாம். பட்டுச்சேலை விற்கும் சிறு கடையில் பாதி கேட்டால், நமக்குச் சேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதைத்தான் நாம் சொல்லிக்கொடுத்திருப்போம். அதன்பின் அவர் காட்டும் சேலையின் தரம் இறங்குமே தவிர விலை இறங்காது. என் அனுபவத்தில் அப்படியான கடைகளில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நல்ல பேச்சு. அதற்கு மேல் குறைந்தால் ஏன் குறைந்தது என்று சேலையை இன்னொருமுறை விரித்துப் பார்ப்பேன்.

எவ்வளவு குறைப்பது என்று யோசிப்பதைவிட, அந்தப் பொருள் இன்னும் இரண்டு கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று அறிந்துவிட்டுப் பேசுவது மேல். நம் களத்துக்கு நெல் வாங்க வரும் வியாபாரியை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வயலில் மூட்டை என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தவரிடம் அவர் ஒரு மாதிரிப் பேசுவார். அன்றே காசு தேவைப்பட்டவரிடம் வேறொரு மாதிரிப் பேசுவார். சென்னையில் அந்த இரண்டாமவராகப் போய் நிற்கக்கூடாது. ஆகவே முதல் நாளில் ஒன்றும் வாங்காமல் விலை கேட்டு எழுதிக்கொண்டு மட்டும் வாருங்கள். மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் வீண் என்று வீட்டு ஆண்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

எங்கட காசுக்கு மாத்திப் பாக்கேக்க தலை சுத்துது. எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

இரண்டு நாட்டிலும் ரூபாய் என்றே சொல்வதால் வரும் மயக்கம் இது. 18,000 ரூபாய் என்றதும் மனம் கிளிநொச்சிச் சந்தையில் நிற்கிறது, கை சென்னையில் காசை எண்ணுகிறது. அண்மைக் காலத்தில் இந்திய ரூபாய் ஒன்றுக்கு நம் காசு ஏறத்தாழ மூன்றரை என்ற கணக்கில் இருந்துவருவதால், அந்தச் சேலை நமக்கு 63,000 ஆகிறது. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்கு முன் போய்வந்தவர்களின் விலைகளை நம்பிப் போகாதீர்கள். அப்போது ஒன்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை.

புறப்படுமுன் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ அதே வகைப் பொருளின் விலையைக் கேட்டு, அதை மூன்றரையால் வகுத்து, இந்திய ரூபாயாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் இந்திய ரூபாயிலேயே யோசிக்கலாம். பயணச் செலவையும் அந்தத் தாளில் சேர்த்தால், சில சாமான்களை இங்கேயே எடுப்பது இலாபம் என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும். பித்தளைக் குத்துவிளக்கு அதில் முதலாவது: நாச்சியார்கோயில் விளக்கு அழகுதான், ஆனால் விமானத்தில் அதன் எடைக்குக் கட்டும் காசு விளக்கின் விலையை எட்டிப் பார்க்கும்.

எங்கட தமிழைக் கேட்டவுடன விலையைக் கூட்டிச் சொல்லுவினமோ? அவையைப் போலக் கதைச்சுப் பாக்கவோ?

சிறு கடைகளில் கூட்டுவதும் உண்டு. "சிலோனாம்மா?" என்று கேட்டுவிட்டு மலர்ந்த முகத்துடன் ஒரு விலை சொல்வார்கள். ஆனால் அவர்களைப்போலக் கதைக்க முயலாதீர்கள். படம் பார்த்துப் பழகிய தமிழ் இரண்டாவது வசனத்தில் சறுக்கிவிடும். அதுவும் ரவிக்கையைச் "சட்டை" என்று கேட்ட மறுகணமே ஆண்கள் பகுதிக்குக் கைகாட்டுவார்கள். நம் பேச்சில் அவர்களுக்கு ஒரு பிரியமும் இருக்கிறது. அந்தப் பிரியத்தால் விலை குறைந்ததையும் கண்டிருக்கிறேன்.

நம்மைக் காட்டிக்கொடுப்பது மொழியைவிட நடத்தைதான். எட்டுப் பேராகக் கடைக்குள் நுழைவது, வெற்றுப் பயணப்பையை உருட்டிக்கொண்டு வருவது, "எங்கட காசுக்கு எவ்வளவு?" என்று உரத்துக் கணக்குப் பார்ப்பது, நாளை மறுநாள் பிளேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுவது ஆகிய நான்கையும் தவிர்த்தால் போதும். நாளை மறுநாள் பிளேன் என்பவர் இன்றே காசு தேவைப்படும் நெற்காரருக்குச் சமம்.

ஓட்டோக்காரர் நல்ல கடை எண்டு கூட்டிக்கொண்டு போறார். போகலாமோ?

போகவேண்டாம். அவருக்கும் தங்குமிடத்தில் அறிமுகமாகும் "உதவியாளருக்கும்" கடை கொடுக்கும் கொமிஷன் நம் பில்லிலிருந்துதான் போகிறது. கொமிஷன் கொடுத்த கடையில் நாம் எவ்வளவு திறமையாகப் பேசினாலும் அந்தப் பங்குக்குக் கீழே விலை இறங்காது. கடைக்கு ஒரு தெரு தள்ளி இறங்கி நடந்து செல்லுங்கள்.

கூறைச்சேலைக்குக் காஞ்சிபுரத்துக்கே போனால் மலிவோ?

சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீற்றர். தறி அங்கே இருப்பதால் சேலை மலிவு என்று நினைத்துத்தான் எல்லோரும் போகிறோம். ஆனால் காந்தி சாலையில் வரிசையாக நிற்கும் கடைகள் பலவற்றில் சென்னை விலைக்கும் அங்கத்தைய விலைக்கும் பெரிய இடைவெளி இல்லை. வாடகைக் கார் பிடித்துப் போனால், மேலே ஓட்டோக்காரர் பற்றிச் சொன்னது கார்க்காரருக்கும் பொருந்தும் என்பதால், அந்தச் சிறிய இடைவெளியும் காணாமற்போகலாம்.

ஆனாலும் போவது வீண் என்று சொல்லமாட்டேன். அங்கே தெரிவு அதிகம். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்து, ஊடையை ஒன்றோடொன்று கோத்து இணைக்கும் கோர்வை வேலையைத் தறியிலேயே பார்க்கலாம். அந்த இணைப்பைப் பார்த்தவருக்கு ஒரு சேலை ஏன் இன்னொன்றைப்போல் இரண்டு மடங்கு விலை என்பது சொல்லாமலே விளங்கும். விளங்கிய பிறகு பேசும் பேச்சும் வேறாக இருக்கும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும், 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் பேரம் இல்லை. பண்டிகைக் காலத் தள்ளுபடி இருந்தால் அதுவே கிடைக்கும். பேச வாய் வராதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடமும் அதுதான்.

வீட்டுத் தறியில் நெய்பவர் நேரடியாகத் தரும் சேலைக்கு மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. ஒரு கனத்த சேலைக்குக் கிழமைக்கணக்கில் கால் மிதித்தவரிடம் இன்னும் ஐந்நூறு குறையுங்கோ என்று கேட்கும்போது, வெள்ளத்தில் பாதி போன வயலில் மிஞ்சிய நெல்லுக்கு நம்மிடம் விலை குறைத்துக் கேட்டவர்களின் முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அசல் பட்டோ, அசல் சரிகையோ எண்டு தெரியாமல் எப்பிடி விலை பேசுறது?

பேச முடியாது. அதனால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன். இந்தியாவின் மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் வழங்கப்படும் சில்க் மார்க் சீட்டு, சேலையின் இழை தூய பட்டு என்பதற்கு உறுதி. ஆனால் அது சரிகையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, காஞ்சிபுரச் சேலையின் விலையில் பெரும்பங்கைத் தின்பதோ சரிகை. அசல் சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குத் தங்க முலாம் ஏற்றியது. வெள்ளிக்குப் பதில் செம்பு சேர்ந்ததை "டெஸ்டட் சரிகை" என்பார்கள். பார்வைக்கு அதுவும் மின்னும், சில வருடங்களில் கறுக்கும், விலையோ வெகுவாகக் குறைவு. டெஸ்டட் சரிகைச் சேலை வாங்குவதில் பிழை இல்லை; அதை அசல் விலைக்கு வாங்குவதுதான் பிழை.

ஆகவே விலை கேட்குமுன் கேட்கவேண்டியது "இது என்ன சரிகை?" என்பதே. இந்த ஒரு கேள்விக்குப் பிறகு விற்பவரின் தொனி மாறுவதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். சரிகையில் என்ன உலோகம் எவ்வளவு என்று காட்டும் இயந்திரம் பெரிய கடைகள் சிலவற்றில் உண்டு. இருந்தால் தயங்காமல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பட்டைப் பொறுத்தவரை முந்தானையில் தொங்கும் ஒன்றிரண்டு இழையைக் கடைக்காரரின் அனுமதியுடன் கொளுத்திப் பார்க்கலாம்: பட்டு முடி எரிந்த மணத்துடன் நொறுங்கும் சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியான மணியாகும். என்ன சரிகை என்பதைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அவர் சொன்ன விலைக்கும் அர்த்தம் இல்லை.

கூறைக்கும் தாலிக்கும் விலை பேசக்கூடாது எண்டு அம்மம்மா சொல்லுறா. உண்மையோ?

தாலியை அங்கே வாங்குவதே இல்லையே. பொன்னுருக்கு நாளில் மாப்பிள்ளை வீட்டில் உருக்கிய பொன்னைச் சேர்த்து நம் ஊர் ஆசாரி செய்வதுதான் வழக்கம் என்பதால், அந்தப் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். கூறை விடயத்தில் அம்மம்மாவின் மனத்தையும் நோகடிக்காமல் ஒரு வழி உண்டு. முதல் நாள் சேலையைத் தெரிந்து, விலையை முடித்து, எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் நல்ல நேரத்தில் போய் மறுபேச்சில்லாமல் காசைக் கொடுத்து எடுங்கள். முழுத் தொகையோடு ஒரு ரூபாயைக் கூட்டிக் கொடுங்கள். அம்மம்மாவும் மகிழ்வார், கடைக்காரரும் சிரிப்பார்.

சம்பந்தி வீட்டாரும் கூட வருகினம். அவைக்கு முன்னால விலை பேசினால் கஞ்சத்தனம் எண்டு நினைப்பினமோ?

இந்தப் பட்டியலில் மிகவும் கடினமான கேள்வி இது. கூறை மாப்பிள்ளை வீட்டுச் செலவு, உடுப்பது பெண். காசு கொடுப்பவர் விலையைப் பார்க்க, பெண் வீட்டார் வாங்குபவரின் முகத்தைப் பார்க்க, கடைக்காரர் இரு பகுதியையும் பார்க்கிறார். யார் யாருக்குமுன் வாய் திறக்கக் கூசுகிறார்கள் என்பதை அவர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

என் மகனின் கலியாணத்துக்குக் கூறை எடுத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு நடுத்தரக் கடை. மூன்றாவது சேலை விரிந்ததும் என் மச்சாள், "இதுதான், இதுதான், பிள்ளைக்கெண்டே நெய்தது" என்று இரண்டு கையையும் தட்டிவிட்டார். அதுவரை "பார்த்துச் செய்யலாம்மா" என்றிருந்த கடைக்காரர் அந்தக் கணமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் என்ன சொன்னாலும் "கட்டுப்படியாகாதும்மா" என்பது ஒன்றே பதில். சம்பந்தியம்மா எனக்குப் பக்கத்தில் நின்றதால் எழுந்து போவதுபோல் நடிக்கவும் வழியில்லை. சொன்ன விலையையே கொடுத்தோம்.

அதற்குப் பிறகு கூடப்போன எல்லாக் கலியாணத்திலும் ஒரே ஒழுங்குதான். கடைக்குப் போகுமுன் தங்குமிடத்தில் இரு வீட்டாரும் இருந்து, உச்சத் தொகை எவ்வளவு என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்வது. கடையில் சேலை இறங்குமுன்பே "இந்தத் தொகைக்குள் காட்டுங்கோ" என்று சொல்லிவிடுவது. பிடித்தால் ஒருவரும் வாய் திறக்காமல் முந்தானையைத் தடவி ஓர் அடையாளம் காட்டுவது. விலை பேசுவது ஒருவர் மட்டும், அவரும் பெண் வீட்டாரைத் தேநீர் குடிக்க அனுப்பிய பிறகு. தாய்மாமன் ஒருவர் அதற்கு வாய்த்தால் மிக நல்லது. தாய்மாமன் பேசினால் அதைக் கஞ்சத்தனம் என்று எவரும் சொல்வதில்லை.

வட்ஸ்அப்பில பொம்பிளைக்கு வீடியோவில காட்டி எடுக்கலாமோ?

காட்டலாம். ஆனால் முல்லைத்தீவிலிருந்து "ஐயோ அம்மா, வடிவு!" என்று கேட்கும் குரல் என் மச்சாளின் கைதட்டலுக்குச் சமம். காதில் மாட்டும் கருவியோடு பேசுங்கள், அல்லது படம் மட்டும் அனுப்பிவிட்டு வெளியே போய்ப் பதிலைக் கேளுங்கள். கடை விளக்கில் நிறம் மாறித் தெரியும் என்பதால், சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

நகைக்கடையில சேதாரம், செய்கூலி எண்டு என்னவோ சொல்லுகினம். அதில குறைக்கலாமோ?

அதில்தான் குறைக்கலாம். நம் பவுணும் அவர்களின் சவரனும் எட்டுக் கிராம்தான். அன்றைய கிராம் விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்று, அதைப் பேசிப் பயனில்லை. அதன்மேல் நகை செய்யும்போது வீணாகும் தங்கம் என்று நூற்றுக்கு இவ்வளவு என ஏற்றுவதே சேதாரம். நம் நெல்லில் "ஈரம்" என்று சொல்லி மூட்டைக்கு இத்தனை கிலோ கழிக்கிறார்களே, ஏறத்தாழ அதே சங்கதி: கொஞ்சம் உண்மை, மிச்சம் பேச்சு.

கிராம் 10,000 இந்திய ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எட்டுக் கிராமுக்கு 80,000. சேதாரம் 12 வீதம் என்றால் 9,600 கூடி 89,600 ஆகும். அதன்மேல் ஜி.எஸ்.டி. என்ற விற்பனை வரி 3 வீதம், 2,688 சேர்ந்து 92,288. அதே நகைக்குச் சேதாரத்தை 8 வீதமாகக் குறைத்தால் வரியோடு 88,992. பவுணுக்கு 3,296 இந்திய ரூபாய் மிச்சம், நம் காசில் பதினோராயிரத்துக்கு மேல். எனவே "மொத்தத்தில் ஏதாவது குறையுங்கோ" என்று கேட்காமல் "சேதாரம் எத்தனை வீதம்?" என்று கேளுங்கள். கல் வைத்த நகையில் கல்லின் எடையைத் தங்கத்தின் எடையிலிருந்து கழித்தார்களா என்பதையும் பில்லில் பாருங்கள்.

நகையில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.இன் முத்திரை, 22 கரட்டைக் குறிக்கும் 916, எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் ஆறு குறி கொண்ட எச்.யூ.ஐ.டி. எண் ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாமல் முத்திரை நகை விற்க அங்கே அனுமதி இல்லை. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் எண்ணை அடித்தால் விபரம் வரும். இவற்றில் எதையும் விலைக்குறைப்புக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெட்டியில விலை அடிச்சிருக்கிற சாமானுக்கும் பேசலாமோ?

எம்.ஆர்.பி. என்று அடித்திருப்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்கு மேல் வாங்குவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம், கீழே விற்பது அவர் விருப்பம். மொத்தமாக எடுத்தால் கேளுங்கள்.

விலை பேசி முடிஞ்ச பிறகு வரி தனி எண்டு சொல்லினம். என்ன செய்யிறது?

பேச்சைத் தொடங்கும்போதே "வரி சேர்த்தோ, தனியோ?" என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. சேலைக்கு 5 வீதம். தைத்த உடுப்புக்கு 2025 செப்டெம்பர் 22 முதல் வேறு கணக்கு: ஒன்றின் விலை 2,500 ரூபாய்க்குள் இருந்தால் 5 வீதம், தாண்டினால் 18 வீதம். மாப்பிள்ளைத் தோழனுக்கு எடுக்கும் குர்தா, பிள்ளைகளின் லெஹங்கா எல்லாம் இந்த எல்லைக்கு அருகில்தான் நிற்கும். 2,600 ரூபாய் உடுப்பு வரியோடு 3,068 ஆகிறது. கடைக்காரர் நூறு ரூபாய் குறைத்து 2,500 என்று பில் போட்டால் 2,625 தான். அவருக்கு நூறு நட்டம், நமக்கு 443 இலாபம். இதை எடுத்துச் சொன்னால் சிறு கடைகளில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

நாடு திரும்பும்போது விமான நிலையத்தில் வரியை மீளப் பெறலாம் என்று சிங்கப்பூர் போய்வந்தவர்கள் சொல்வதை இந்தியாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். சுற்றுலாப் பயணிக்கு அப்படிக் கொடுப்பதற்கு அங்கே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதே தவிர, அது நடைமுறைக்கு வரவில்லை.

பில் இல்லாமல் எடுத்தால் குறைச்சுத் தாறன் எண்டால் எடுக்கலாமோ?

வளையலுக்குப் பரவாயில்லை என்று சிலர் நினைக்கலாம். சேலைக்கும் நகைக்கும் கூடவே கூடாது. குறைத்தது வரியின் அளவுதான், இழந்ததோ சரிகை, தூய்மை பற்றிய எழுத்து முழுவதும். அதோடு நாம் இன்னொரு நாட்டு எல்லையைத் தாண்டி வருகிறோம். சில நாட்கள் போய்வருபவருக்கு இலங்கைச் சுங்கம் விடும் சலுகைத் தொகை பெரிதன்று. ஒரே வகைச் சேலை பத்துப் பன்னிரண்டு இருந்தால் வியாபாரத்துக்கோ என்று கேட்பார்கள். பில் இருந்தால் உள்ள விலைக்குப் பேச்சு. இல்லாவிட்டால் அவர்கள் மதிப்பிடும் விலைக்குத்தான் பேச்சு, அங்கே பேரம் எடுபடாது. புது நகையை மறைக்காமல் சொல்லிவிடுவதே உத்தமம். கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் தெரியாது என்ற ஆலோசனையை நான் எவருக்கும் சொல்வதில்லை.

காசாக் குடுக்கிறதோ, கார்ட்டில குடுக்கிறதோ? எதுக்குக் குறையும்?

சிறு கடையில் காசுக்குக் குறையும். நகைக்கடையில் அந்த எண்ணம் வேண்டாம்: ஒரு கொள்வனவுக்கு இரண்டு இலட்சம் இந்திய ரூபாயோ அதற்கு மேலோ காசாகப் பெறுவதை அங்கத்தைய வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. கார்ட் இயந்திரம் இலங்கை ரூபாயில் வெட்டவா என்று கேட்டால் வேண்டாம், இந்திய ரூபாயில் வெட்டுங்கோ என்று சொல்லுங்கள். அதன் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகம். 2024 பெப்ரவரியில் இலங்கையில் தொடங்கிய, கைத்தொலைபேசியால் காசு செலுத்தும் யூ.பி.ஐ. வசதி இந்தியர் இங்கே வந்து செலுத்துவதற்கானது, நாம் அங்கே செலுத்துவதற்கு அல்ல. முன்னைய பயணத்தில் மிஞ்சிப் பெட்டிக்கடியில் கிடக்கும் 2,000 ரூபாய்த் தாளை நம்பிப் போகாதீர்கள்; 2023 மே மாதத்தில் அதைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கனடாவில இருந்து வாற சித்தப்பாதான் காசு குடுக்கிறார். அவரையும் கடைக்குக் கூட்டிப்போகவோ?

கூட்டிப்போங்கள், ஆனால் விலை பேசும் நேரத்தில் அல்ல. "இதென்ன, நாற்பது டொலர்தானே!" என்ற ஒரு வசனம் அரை மணி நேரப் பேச்சைக் கரைத்துவிடும். அவரை மடக்கு நாற்காலியில் இருத்தி, பில் வந்ததும் அழைக்கலாம்.

எந்த மாதம் போனால் நல்லது?

ஆடி. யூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை அங்கே கலியாணம் இல்லாத காலம் என்பதால், போட்ட விலைக் கடைகளிலும் ஆடித் தள்ளுபடி நடக்கும். ஆவணிக் கலியாணத்துக்கு அது வசதி, ரவிக்கை தைக்கத்தான் நாள் போதாது. தீபாவளிக்கு முந்திய மாதத்தில் ரங்கநாதன் தெருவில் நிற்கவே இடமில்லை, பேரம் பேச யாருக்கு நேரம்?

விலையை எல்லாம் கேட்டிட்டு வாங்காமல் வந்தால் ஏசுவினமோ?

பகலில் ஒருவரும் ஏசமாட்டார்கள். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய், பேசிப் பேசி விட்டுவிட்டு வருவதுதான் அவர்களுக்கு மனத்தாங்கல். முதல் விற்பனையைப் "போணி" என்பார்கள். அது நடக்கவேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் இறங்கியும் கொடுப்பார்கள். உண்மையாக வாங்கும் எண்ணம் இருந்தால் காலையில் போங்கள், விலை மட்டும் கேட்கப் போவதானால் மத்தியானத்துக்குப் பிறகு போங்கள். நாம் ஒரு தொகையைச் சொல்லி, அவர் சரி என்ற பிறகு வேண்டாம் என்று திரும்புவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. வாங்கமாட்டாத விலையை வாயால் சொல்லாதீர்கள்.

ஒரு சதமும் குறைக்கமாட்டன் எண்டால் வேற என்ன கேக்கலாம்?

முதல் பதிலில் சொல்வதாகச் சொன்னது இதுதான். சேலைக்கு ஃபோல்ஸ் அடித்து ஓரம் தைத்துத் தருவது, ரவிக்கையை இரண்டு நாளில் தைத்துத் தருவது, வாங்கியதைத் தங்குமிடத்துக்கு அனுப்புவது, பயணப்பை ஒன்று, கட்டைப்பைகள் நாலைந்து ஆகியவற்றைப் போட்ட விலைக் கடையிலும் கேட்கலாம். விற்கும் பிள்ளையிடம் கேட்காமல் மாடிப் பொறுப்பாளரிடம், எல்லாம் எடுத்து முடித்துப் பில் போடுமுன் கேளுங்கள். திரும்பிப்போய் மாற்றமுடியாத தூரத்தில் இருக்கிறோம் என்பதால், ஆறு மீற்றரையும் விரித்துப் பழுது பார்த்துத் தரும்படி கேட்பது எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சலுகை.

எல்லாம் பேசி வாங்கி வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரி அதே சேலையை அரைவாசி விலைக்கு எடுத்தனான் எண்டு சொல்லுறா. நாங்கள் ஏமாந்துபோனமோ?

அவர் சேலையின் சரிகை என்ன என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை வந்துவிடும். மீதிப் பாதிக்கு, அவர் சொன்ன விலை உண்மைதானா என்று நான் அதிகம் ஆராயமாட்டேன். என் மருமகளின் கூறையை என்ன விலைக்கு எடுத்தோம் என்று இன்றுவரை நானே சம்பந்தி வீட்டில் ஒரு தொகையும், அயலுக்கு ஒரு தொகையும், வீட்டுக்காரரிடம் இன்னொரு தொகையும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையான பில் அலுமாரியில், என் சேலைகளுக்கடியில் இருக்கிறது.